கதிரைக் கணக்கு

இரவு பதினொன்றுக்கு மேலாளர் வந்து
இருபத்தாறு கதிரை என்றார்.
அரசுக்குப் பன்னிரண்டு, எதிர்த்தவர்களுக்குப் பன்னிரண்டு,
தலைமாட்டில் இரண்டு.
பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்:
"ஒரே அறையில் இருக்கமாட்டார்களாம். பிரி."

மடிப்புச் சுவர்களை இழுத்து விட்டேன்.
சில்லு எண்ணெய் காணாமல் கிறீச்சிட்டது.
மலையைப் பார்த்த அறை அரசுக்கு,
கடலைப் பார்த்த அறை மற்றவர்களுக்கு,
நடுவில் யன்னல் இல்லாத பெரிய அறை வல்லரசுக்கு.
இரண்டு கதிரைக்கு அவ்வளவு பெரிய அறை.
யன்னல் இல்லாத இடத்தில்தான்
குளிர் நன்றாக நிற்கும்.

மஸ்கட்டில் வைகாசி.
வெளியே பேரீச்சை மரமும் ஒதுங்க நிழல் தேடுகிற நேரம்.
உள்ளே தூதருக்குப் பதினெட்டுப் பாகை வேண்டும்.
பால் விடாத கோப்பி, குமிழி போடும் தண்ணீர்,
எலுமிச்சை வேண்டாம்.
நல்ல மனிதர். என் நெஞ்சுப் பட்டையை
எழுத்துக் கூட்டி வாசித்தார்: கு-க-நே-சன்.
"இந்தியாவா?"
இல்லை, எந்த நாடென்று சொன்னேன்.
"ஓ, அங்கேயும் ஒரு பிரச்சினை இருந்தது, இல்லையா?"

இருந்தது, சேர்.
கோப்பி ஆறப்போகிறது, சேர்.

முதல் நாள் முழுக்க ஒரு தாள்
மலையிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து மலைக்கும் நடந்தது.
'உடனடியாக' என்பதை வெட்டி
'இயன்றளவு விரைவில்' என்று போட
இரண்டாம் நாளும் போயிற்று.
ஒவ்வொரு முறையும் தாள் நடு அறையில் இளைப்பாறியது.
வரும்போது எழுதியிருந்ததும்
போகும்போது எழுதியிருந்ததும் ஒன்றல்ல.

கீழே, கோப்பை கழுவுகிற இடத்தில் இத்ரீஸ்.
அந்தச் சின்ன நாட்டுக்காரன்.
ஈரம் படாமல் பொலித்தீன் பையில் சுற்றிய போனில்
ஒரு படம் காட்டினான்:
அவனுடைய தமக்கை மாவுச் சாக்குகளைத் தைத்து
நிழலுக்குக் கட்டியிருக்கிறாள்.
'நன்கொடை, விற்பனைக்கல்ல.'
அடுத்த படத்தில் முற்றத்தில் விழுந்த செல்லின் ஓடு.
அதில் இலக்கங்கள் மட்டும்.
பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னான்.
இரண்டிலும் ஒரே அச்செழுத்து.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பங்கருக்குள் இருந்து ரேடியோவில்
'ஆழ்ந்த கவலை' கேட்டவன் நான்.
பற்றரியை வெயிலில் காயவைத்துக் காயவைத்துக் கேட்டோம்.
கப்பல் வருகிறது என்று யாரோ சொல்ல
குழந்தைகளுக்குச் செருப்புத் தேடினோம்.
ஆழ்ந்த கவலை எவ்வளவு ஆழம் என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
பங்கர் ஆறடி.

மூன்றாம் நாள் ஆள் பற்றாமல்
இத்ரீஸை மேலே கூப்பிட்டார்கள்.
என் கறுப்புச் சட்டையைப் போட்டு விட்டேன், தோளில் தொங்கியது.
நடு அறையின் மேசை முழுக்க வரைபடம் விரிந்திருந்தது,
தட்டு வைக்க இடமில்லை.
"அதன் மேலேயே வை," என்றார் உதவியாளர், நிமிராமல்.
வைத்தான்.
எடுத்தபோது ஆற்றுக்குத் தெற்கே
ஒரு ஈர வட்டம்.
துடைக்கவா என்று கேட்க வாயெடுத்தவன்
வட்டத்துக்குள் இருந்த பெயரை வாசித்துவிட்டான்.
தூதர் நன்றி சொன்னார்.
எல்லோருக்கும் சொல்கிறவர்.

பின்னேரம் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது.
அவருடைய ஊரில் அப்போது விடியற்காலை,
ஆனாலும் அங்கே யாரோ முடிவெடுத்திருந்தார்கள்.
வரவேற்புக் கூடத்தில் கமராக்களுக்கு முன்னால் சொன்னார்:
"எங்கள் நிலைப்பாடு மாறவில்லை.
எங்கள் கதவு திறந்தே இருக்கிறது."
அந்தக் கதவைச் சற்று முன்னர்தான்
குளிர் போகாமல் நான் சாத்திவிட்டு வந்திருந்தேன்.

இருபத்தாறு பேருக்குச் சமைத்த ஆட்டிறைச்சி
வாடி கபீர் விடுதிக்குப் பேருந்தில் வந்தது.
பெடியள் பாராட்டிச் சாப்பிட்டார்கள்.

அதற்கு முன்பு கதிரை அடுக்கினேன். இருபத்தைந்து.
மறுபடி எண்ணினேன்.
பின்பக்கம், லொறி வந்து நிற்கிற இடத்தில்,
வெல்வெட் போட்ட கதிரையில் இத்ரீஸ் இருந்தான்,
போனைக் காதில் வைத்தபடி.
மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது
எனக்கும் கேட்டது.

"இருபத்தாறும் சரியா?" மேலாளர் உள்ளிருந்து கத்தினார்.

சரி, சேர் என்றேன்.